குனியப் பயப்படும் முதுகு: யோகாவா, பிலாட்டீஸா?

கேள்வி: எனக்கு 44 வயது. பாலர்பள்ளித் தமிழாசிரியை. சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறோம். தினமும் இரண்டு நிலையங்களுக்குப் போய் வகுப்பெடுக்கிறேன். படக்கதைப் புத்தகங்கள், பொம்மைகள் என்று எப்போதும் தோளில் ஒரு கனமான பை. 14 மாதங்களாக அடிமுதுகில் வலி. வலது புட்டத்திலிருந்து முழங்கால்வரை இழுக்கிறது. எம்ஆர்ஐ எடுத்ததில் அடிமுதுகின் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்றார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். பக்கத்தில் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. மூன்றாவது வாரம், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் மடங்கும் பச்சிமோத்தாசனம் செய்யும்போது ஆசிரியை என் முதுகில் கைவைத்து அழுத்தினார். இரண்டு நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அக்கா, பிலாட்டீஸ் உடற்பயிற்சிதான் பாதுகாப்பு என்கிறாள். கணவர், நான் கூன் போட்டு உட்காருவதுதான் காரணம் என்று தோளை நிமிர்த்தும் பெல்ட் வாங்கித் தந்திருக்கிறார். அம்மாவோ, குனியவே குனியாதே என்கிறார். குனியாமல் எப்படி நான் மூன்று வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்வது? யோகாவா, பிலாட்டீஸா, எது என் வலியைக் குறைத்து முதுகை நேராக்கும்? 13 வயது மகளும் கூன் போடுகிறாள். மாமியாருக்கு 71 வயது, எலும்பு மெலிவு இருக்கிறது. அவரையும் யோகாவுக்கு அழைத்துப் போகலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எம்ஆர்ஐ பற்றி எழுதிய இடத்தைவிட, “குனியாமல் எப்படி நான் மூன்று வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்வது?” என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். பிசியோதெரப்பிஸ்ட்டாக நான் பார்க்கும் முதுகுவலிக்காரர்களில் பலரிடம் வலியைவிடப் பெரிதாக வளர்ந்திருப்பது இந்தப் பயம்தான். வலி வந்த இடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து மாதக்கணக்கில் குனியாமல், திரும்பாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். தசைகள் ஓய்வில்லாமல் இறுகிக் கிடக்கும். பலமோ குறைந்துகொண்டே போகும். அப்புறம் ஒருநாள் செருப்பு மாட்டக் குனிந்தால்கூடப் பிடித்துக்கொள்ளும். நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே திசையில்தான் போகும்: நீங்கள் மறுபடியும் பயமில்லாமல் குனிய வேண்டும். எந்தக் குனிவில் தொடங்குவது, எவ்வளவு, நாளின் எந்த நேரத்தில் என்று பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முன் சிலவற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். கால்களுக்கு நடுவே, சைக்கிள் இருக்கை படும் இடத்தில் மரத்துப்போகிறதா? சிறுநீர் போவது தெரியாமல் போகிறதா, அல்லது போக முடியாமல் அடைக்கிறதா? நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் தேய்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்; நகர முடியாவிட்டால் 995ஐ அழையுங்கள். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் அடங்காத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது ஆகியவையும் பயிற்சிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை, அதனால் மேலே போகிறேன்.

‘தேய்மானம்’ என்ற சொல் நம்மவர்களை மிகவும் பயமுறுத்துகிறது. கேட்டதும் மனம் தேய்ந்த டயரை நினைத்துக்கொள்கிறது: இனிமேல் எவ்வளவு குறைவாக ஓட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று. முதுகு அப்படி வேலை செய்வதில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. 40 வயதுக்காரர்களில் 68 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது; 50 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அவர்களில் யாருக்கும் வலி இல்லை. உங்கள் பிதுக்கத்துக்கும் கால்வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நரம்பு எரிச்சலில் இருக்கிறது என்பது நீங்கள் சொல்லும் இழுப்பிலேயே தெரிகிறது. ஆனால் அந்த அறிக்கை உங்கள் முதுகு உடைந்துவிட்டது என்று சொல்லவில்லை. எலும்பும் தசையும் தசைநாரும் உயிருள்ளவை. சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிக்கொள்ளும், பலப்படும். டயருக்கு அந்தக் குணம் கிடையாது.

சரி, அந்த சனிக்கிழமை என்ன நடந்தது? எனக்குத் தெரிந்தவரை மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டன. முதலாவது நேரம். இரவில் நாம் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் எழும்போது நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க் குனியும்போது கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். எழுந்து நடமாட நடமாட அது தணியும். நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களைக் காலையில் குனிவதை மட்டும் கட்டுப்படுத்தச் சொல்லி 1998இல் ஓர் ஆய்வு வந்தது. அதிலேயே வலி குறைந்தது. நீங்கள் எழுந்த கொஞ்ச நேரத்திலேயே, ஏழு மணி வகுப்பில் முழுதாக மடங்கியிருக்கிறீர்கள். (வெள்ளிக்கிழமை காலை வாசலில் கோலம் போடுபவராக இருந்தால், இப்போதைக்கு அதையும் முந்தின நாள் மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது, ஆசனத்தின் அமைப்பு. காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் மடங்கும்போது, தொடையின் பின்பக்கத் தசை இறுகியிருந்தால் இடுப்பெலும்பு முன்னால் சாயாது. சாயாத அந்தக் குறையை முழுக்க அடிமுதுகே மடங்கி ஈடுகட்டும். அதோடு, நீட்டிய காலில் குனிந்தால் காலுக்குப் போகும் நரம்பும் இழுபடும். ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நரம்பு அது. மூன்றாவது, அழுத்திய கை. வலி வரும்போது உடல் தானாகவே ஓர் எல்லையில் நிற்கும். அந்த எல்லையை உள்ளிருந்து நீங்கள் உணரலாம், வெளியிலிருந்து இன்னொருவர் உணர முடியாது. அந்த ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனாலும் முதுகுவலி உள்ளவரை முன்குனிவில் கையால் அழுத்துவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அடுத்த முறை யார் கைவைக்க வந்தாலும், “தொடாதீர்கள், நானே செய்கிறேன்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரப்பிஸ்ட்டிடம் கால்வரை வலி இறங்கிய ஒரு நோயாளி வந்தார். உள்ளே போய்க் குப்புறப் படுங்கள் என்றார் மெக்கன்சி. முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் தூக்கி வைக்கப்பட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் அப்படியே, முதுகு பின்னால் வளைந்த நிலையில், சில நிமிடங்கள் படுத்திருந்தார். மெக்கன்சி பதறிப்போய் வந்து பார்த்தபோது, பல நாட்களில் முதல் முறையாகக் கால்வலி இல்லை என்றார் நோயாளி. வலி காலிலிருந்து முதுகை நோக்கிப் பின்வாங்குவது நல்ல அறிகுறி என்ற, இன்றும் நாங்கள் பயன்படுத்தும் ஒரு சோதனை அங்கிருந்துதான் வளர்ந்தது.

நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம். மாலையில் பாயில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் இருங்கள். வலி கூடவில்லை என்றால் முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தி இன்னும் இரண்டு நிமிடம். அதுவும் சரியென்றால், உள்ளங்கைகளை ஊன்றிக் கைகளால் மட்டும் உடலின் மேற்பாதியைத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. இடுப்பு பாயில் தொங்கிக் கிடக்கட்டும், புட்டத் தசையை இறுக்க வேண்டாம். புஜங்காசனம்போல இருக்கிறதே என்று நினைப்பீர்கள். வடிவம் கிட்டத்தட்ட அதுதான். புஜங்காசனத்தில் முதுகுத்தசை தூக்கும், இதில் கை தூக்கும், முதுகு தளர்ந்திருக்கும். அந்தச் சின்ன வேறுபாடுதான் உங்கள் நிலையில் முக்கியம். முழங்கால்வரை இருந்த இழுப்பு தொடைக்கோ புட்டத்துக்கோ ஏறினால், முதுகு சற்றுக் கூடுதலாக வலித்தாலும் கவலைப்படாதீர்கள்; நாளுக்கு நாலைந்து முறை செய்யுங்கள். மாறாக வலி முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினாலோ பாதம் மரத்தாலோ நிறுத்திவிடுங்கள். பின்வளைவு எல்லா முதுகுக்கும் பொருந்தாது. அப்போது உங்களுக்கு எந்தத் திசை பொருந்தும் என்பதை ஒரு பிசியோ நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் என்பதால் பிரிட்டனில் முகாமில் அடைக்கப்பட்டார். பிறகு 1920களில் நியூயார்க் போய்ப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அங்கே அவரைத் தேடி வந்தவர்களில் பலர் நடனக் கலைஞர்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அவர் அமைத்த பழைய பயிற்சிகளில் பலவும் பலமான, வளையக்கூடிய உடல்களுக்குப் பொருந்துபவை. ‘ஹண்ட்ரட்’ என்று ஒன்று உண்டு. மல்லாந்து படுத்துத் தலையையும் கால்களையும் தூக்கியபடி, கைகளை நூறு எண்ணும்வரை அடிக்க வேண்டும். இன்று நீங்கள் அதைச் செய்தால் பச்சிமோத்தாசனம் கொடுத்த அதே பாடத்தை அதுவும் கொடுக்கும். பிலாட்டீஸ் என்பதாலேயே பாதுகாப்பு என்று அக்கா சொல்வது சரியில்லை. யோகா என்பதாலேயே ஆபத்து என்பதும் சரியில்லை.

ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு அறிக்கை, எதுவும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டீஸ் வலியைக் குறைக்கிறது, மற்ற பயிற்சிகளைவிடச் சிறந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. யோகாவைப் பற்றிய 2017ஆம் ஆண்டு அறிக்கையும் கிட்டத்தட்ட அதே முடிவுதான். கூடவே, யோகா செய்தவர்களில் சிலருக்கு முதுகுவலி கூடியதையும் குறிப்பிட்டது. அதே 2017இல் பாஸ்டனில் 320 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரம் யோகா செய்தவர்களும் பிசியோதெரப்பி எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறினார்கள். ஆனால் கவனியுங்கள், அது முதுகுவலிக்காரர்களுக்கென்றே தனியாக வடிவமைத்த யோகா. எல்லோரும் ஒன்றாகச் செய்யும் பொது வகுப்பு இல்லை.

பிசியோதெரப்பி அறிவோடு யோகாவும் பிலாட்டீஸும் கற்றுத்தருவது என்றால் இதுதான்: முதலில் பரிசோதனை, உங்கள் வலி எந்த அசைவில் கூடுகிறது, எதில் குறைகிறது என்று பார்ப்பது. அப்புறம் அதற்கேற்ப ஆசனத்தையோ பயிற்சியையோ வெட்டித் தைப்பது. ரவிக்கைக்கு அளவெடுக்காமல் தைத்தால் போட்டுக்கொள்ள முடியுமா? இரண்டிலும் உங்களுக்கு உதவக்கூடியவை இருக்கின்றன. பிலாட்டீஸ் சின்னச் சின்ன அசைவுகளைக் கட்டுப்பாட்டோடு செய்யப் பழக்கும். பயந்துபோன முதுகுக்கு அது நல்ல தொடக்கம். யோகாவில் நான் மிகவும் மதிப்பது மூச்சு. மூச்சை வெளியே விடும் நேரத்தை நீட்டும்போது இறுகிய தசை தளர்வதையும், தூக்கம் மேம்படுவதையும், தூங்கியவருக்கு மறுநாள் வலி குறைவதையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

வயிற்றை உள்ளிழுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் எந்த பிலாட்டீஸ் வகுப்புக்குப் போனாலும் அதைக் கேட்பீர்கள். 1996இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கையைத் தூக்கும் கணத்தில் முதுகுவலி உள்ளவர்களுக்கு வயிற்றின் ஆழத்திலுள்ள ஒரு தசை சற்றுத் தாமதமாக இயங்குவதைக் கண்டார்கள். உலகம் முழுக்க பிசியோக்கள் “வயிற்றை இழுத்துப் பிடியுங்கள்” என்று சொல்லத் தொடங்கினோம். வேலைக்கு வந்த புதிதில் நானும் எல்லோருக்கும் அதையே சொன்னேன். ஒரு டாக்சி ஓட்டுநர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார், வலி கூடியிருந்தது. காலையிலிருந்து இரவுவரை, வண்டி ஓட்டும்போதுகூட, வயிற்றை இழுத்துப் பிடித்தபடியே இருந்திருக்கிறார். மூச்சு மேல்மார்பிலேயே நின்றது. விடச் சொன்ன பிறகுதான் தேறினார். அவருக்கு நான் கொடுத்த சிரமத்தை இன்னும் மறக்கவில்லை. கனத்தைத் தூக்கும்போது வயிறு தானாக இறுகும், அது போதும். மற்ற நேரத்தில் வயிற்றைத் தளரவிட்டு மூச்சுவிடுங்கள்.

கணவர் வாங்கித் தந்த பெல்ட்டும் இதே வகைதான். கூன் போட்டு உட்காருவதால்தான் முதுகுவலி வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நேராக விறைத்து உட்கார்ந்திருப்பவருக்கும் வலி வரும். ஒரே நிலையில் நீண்ட நேரம் இருப்பதுதான் தொந்தரவு, அது எந்த நிலையாக இருந்தாலும். பெல்ட் தோளைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும்வரை உங்கள் தசைக்கு வேலை இல்லை, கழற்றியதும் பழையபடிதான். அவர் அக்கறையாக வாங்கியது, தூக்கிப் போட வேண்டாம். நீண்ட பேருந்துப் பயணத்தில் கொஞ்ச நேரம் இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்க வேண்டாம்.

உங்கள் வேலையில் நான் மாற்றச் சொல்வது வேறு. பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும், அடிமுதுகு முழுக்க வளைந்தே இருக்கும். கதை சொல்லும் நேரத்தில் தரையில் ஒரு கெட்டித் தலையணை போட்டு அதன்மேல் உட்காருங்கள், அல்லது ஒரு காலை மண்டியிட்டு மறுகாலை ஊன்றி இருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிலையை மாற்றுங்கள். பாட்டு பாடும்போது எழுந்து கைகளை மேலே தூக்குவதற்கு உங்களைவிட வசதியான வேலை யாருக்கு இருக்கிறது! தோள்பைக்குப் பதிலாக முதுகுப்பை, இன்னும் நல்லது சக்கரம் வைத்த பை. இரண்டு நிலையங்களிலும் ஒரே பொம்மைகள்தான் வேண்டும் என்றால், ஒரு செட்டை அங்கேயே விட்டுவைக்க முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்கு வருவோம். முதல் மூன்று வாரம் வகுப்பு எதுவும் வேண்டாம், வீட்டில் 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். மேலே சொன்ன குப்புறப்படுக்கும் பயிற்சி பொருந்தினால் அதோடு தொடங்குங்கள். பிறகு கை, முழங்காலை ஊன்றிப் பூனைபோல முதுகை மெதுவாக மேலும் கீழும் வளையுங்கள், வலிக்காத அளவுக்குள், எட்டுப் பத்து முறை. முதுகு வளைந்தால் ஒன்றும் ஆகாது என்று மூளைக்குக் காட்டுவதற்காகத்தான் இது. அடுத்து சேதுபந்தாசனம்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பைத் தூக்குங்கள், எட்டு முறை, இரண்டு தடவை. புட்டத்தில் வேலை தெரிய வேண்டும், முதுகில் தெரிந்தால் குறைவாகத் தூக்குங்கள். ஒருக்களித்துப் படுத்து, பாதங்களைச் சேர்த்தபடி மேல்முழங்காலைத் திறந்து மூடும் பயிற்சியைப் பிலாட்டீஸ் வகுப்புகளில் சிப்பி என்பார்கள். அது பக்கத்துக்குப் பத்து. இவற்றோடு தினமும் ஒரு நடை. சாப்பிட்டபின் புளோக்கைச் சுற்றிப் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள்.

எவ்வளவு வலியை அனுமதிக்கலாம் என்று கேட்பீர்கள். பத்துக்கு மூன்றுவரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் அன்று அளவு கூடிவிட்டது. எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியையே கைவிடாதீர்கள். வலியே இல்லாத நாளுக்காகக் காத்திருந்தால் நீங்கள் தொடங்கவே மாட்டீர்கள்.

நாலாவது வாரத்திலிருந்து குனிவதைக் கற்க வேண்டும். ஒரு துடைப்பக் கட்டையைத் தலை, மேல்முதுகு, புட்டம் மூன்றிலும் படும்படி முதுகோடு பிடித்துக்கொண்டு, முழங்காலைச் சற்று மடக்கி, புட்டத்தைப் பின்னால் தள்ளி இடுப்பிலிருந்து சாயுங்கள். கட்டை மூன்று இடத்தையும் விட்டு விலகக் கூடாது. இது கைவந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கை-முழங்கால் நிலையில் எதிர்எதிர்க் கை கால்களை நீட்டுவது. ஏழாவது வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி முதுகை உருட்டி முன்னால் மடங்கிப் பாருங்கள். ஆம், வளைந்த முதுகோடுதான். மாலையில், ஐந்து முறை. பிள்ளைகளின் காலணியைக் கட்டும்போது யாரும் துடைப்பக் கட்டை வைத்துக்கொண்டு குனிவதில்லை. வளைந்து குனிவதற்கும் முதுகு பழக வேண்டும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். மூன்று வயதுப் பிள்ளை ஏறக்குறைய 14 கிலோ இருக்கும், அழும்போது துள்ளவும் செய்யும். யோகாவும் தரைப் பயிற்சி பிலாட்டீஸும் உங்கள் உடல் எடையை மட்டுமே பயன்படுத்துகின்றன. அங்கேயே நின்றுவிட்டால், வீட்டுப் பாயில் நலமாக இருந்துவிட்டு வகுப்பறையில் மறுபடியும் மாட்டிக்கொள்வீர்கள். எட்டாவது வாரத்திலிருந்து ஒரு முதுகுப்பையில் இரண்டு கிலோ அரிசி வைத்து, முக்காலியிலிருந்து தூக்கிப் பழகுங்கள். ஒருமுறைக்கு எட்டு, வாரத்தில் இரண்டு நாள். சுலபமானதும் ஐந்து கிலோ, பிறகு தரையிலிருந்து, பிறகு பத்து கிலோ. இது மூன்று மாதத்தில் முடியாமல் ஐந்து மாதம் ஆகலாம். 14 மாத வலிக்கு அது நீண்ட காலம் இல்லை. நிமிர்ந்த தோற்றமும் இந்தப் பலத்தோடுதான் வரும். தோளை நிமிர்த்து என்று நினைவுபடுத்திக்கொண்டே இருப்பவரைவிட, பத்து கிலோவைத் தரையிலிருந்து பயமில்லாமல் எடுப்பவர் தானாகவே நன்றாக நிற்கிறார்.

யாரிடம் போவது? பலதுறை மருந்தக மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணத்தில் பிசியோதெரப்பி கிடைக்கும். காத்திருக்க வேண்டியிருக்கலாம், அதற்குள் முதல் மூன்று வாரப் பயிற்சியை முடித்துவிடுங்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே பிசியோதெரப்பிஸ்ட்டுகள் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். யோகா, பிலாட்டீஸ் ஆசிரியர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எனவே சான்றிதழைவிட அவர்களின் நடத்தையைப் பாருங்கள். சேரும் முன் உங்கள் வலியைப் பற்றிக் கேட்டாரா? ஒரு ஆசனம் முடியவில்லை என்றால் கையில் வேறு ஒன்றை வைத்திருக்கிறாரா? “வலித்தாலும் போங்கள், பழகிவிடும்” என்பவரிடம் இருக்காதீர்கள். பிலாட்டீஸ் கூடங்களில் இருக்கும் ஸ்பிரிங் வைத்த ரிஃபார்மர் கருவி கட்டாயம் இல்லை. ஸ்பிரிங் உங்கள் கால் எடையைத் தாங்கி உதவும் என்பதால் மிகவும் பயப்படுபவருக்குத் தனிவகுப்பாக நாலைந்து முறை நல்லது. பத்துப் பேர் வேகமாகச் செய்யும் குழு வகுப்பில் அந்தப் பயனைவிடச் செலவுதான் அதிகம்.

மகளுக்குப் பெல்ட் வேண்டாம், தயவுசெய்து எப்போதும் “நிமிரு” என்று சொல்லிக்கொண்டும் இருக்காதீர்கள். அந்த வயதில் உடல் வேகமாக வளரும். மார்பு வளர்வதை மறைக்கக் குறுகி நடக்கும் பெண்பிள்ளைகளும் உண்டு, அதைத் தனியாக, மென்மையாகப் பேசுங்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: கைகளைச் சேர்த்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால், முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிகிறதா? தெரிந்தால் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் நீச்சலோ நடனமோ, அவளுக்குப் பிடித்த எதுவோ, அதில் சேர்த்துவிடுங்கள்.

மாமியார் விஷயத்தில் உங்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். எலும்பு மெலிவும் மூட்டுத் தேய்மானமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், இரண்டும் வேறு. எலும்பு மெலிந்தவர் முதுகை முன்னால் வளைத்து மடங்கும்போது முதுகெலும்பின் முன்பகுதி நசுங்கி முறியலாம். 1984இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வில், எலும்பு மெலிவு இருந்த பெண்களில் முன்குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியிருந்தது. பின்வளையும் பயிற்சி செய்தவர்களில் அது 16 விழுக்காடுதான். சிறிய ஆய்வு, ஆனாலும் அதை நான் மனத்தில் வைத்தே வேலை செய்கிறேன். ஆகவே அவருக்குப் பச்சிமோத்தாசனம், மல்லாந்து படுத்துக் கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனம், தலைகீழ் ஆசனங்கள், உடலை வேகமாகத் திருப்புவது எதுவும் வேண்டாம். சுவரையோ நாற்காலியையோ பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம், நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது ஆகியவை நல்லது. அவர் விழாமல் இருப்பதுதான் முதல் வேலை. முதலில் அவருடைய டாக்டரைக் கேளுங்கள். பிறகு உங்களுக்கு நான் சொன்ன நடைக்கு மாலையில் அவரையும் அழைத்துப் போங்கள்.

பத்தாவது வாரத்துக்கு மேல் யோகா வகுப்புக்குத் திரும்ப நினைத்தால், மாலை வகுப்பாகத் தேடுங்கள். தொடங்கும் முன் ஆசிரியையிடம் இரண்டு வரி சொல்லுங்கள்: “எனக்கு டிஸ்க் பிரச்சினையால் கால்வலி வந்தது. முன்குனிவுகளை முழங்காலை மடக்கித்தான் செய்வேன், என்னைத் தொட்டு அழுத்த வேண்டாம்.” பச்சிமோத்தாசனம் வரும்போது மடித்த போர்வையின்மேல் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, பாதி தூரம் போனால் போதும். கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்திலும் அந்தத் தலையணை முழங்காலுக்குக் கீழேயே இருக்கட்டும். அடிமுதுகு பாயில் இறங்குவதை உணர்வீர்கள்.